நீருக்குப் பல பெயர்

சைகோன்

சைகோன் நகரத்துப் பெரிய சந்தைக்குச் சமீபத்தில், மோட்டார் சைக்கிள்களின் இரைச்சலுக்கு நடுவே, நம் ஊர்க் கோபுரத்தைச் சிறிதாக்கி வைத்தாற்போல் ஒரு மாரியம்மன் கோயில் நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வியாபாரத்தின் பொருட்டு இந்தோசீனாவுக்கு வந்த தமிழர்கள் எழுப்பிய கோயில் அது. அவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்ட பின்னரும் அந்த ஊர் ஜனங்கள் அம்மனைக் கைவிடவில்லை. நாங்கள் சென்ற காலை வேளையில் சந்நிதியில் நின்றவர்கள் அனைவரும் அவ்வூர்க்காரர்களே. ஊதுவத்திக் கொத்தும் பூவுமாக வந்த அவர்கள், கர்ப்பக்கிருகத்தின் பின்புறம் சென்றதும், அங்குள்ள கருங்கல் சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் நெற்றியையும் பதித்து, பக்கத்தில் நிற்பவருக்கும் கேளாத குரலில் தங்கள் குறையைக் கல்லிடம் சொல்லிக்கொண்டு நின்றார்கள். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் தாயார், தாமும் ஓர் இடம் தேர்ந்து, அவ்விதமே நெற்றியைப் பதித்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. அது கேட்கக் கூடாத விஷயம்.

ஆயினும் அவர் மனத்தில் இருந்த ஒரு குறையை நான் அறிவேன். பதினெட்டாவது வயதில் கும்பகோணத்துக்கு மருமகளாக வந்த நாள் முதல், ஒரு மாசி மகமும் தவறாமல் மகாமகக் குளத்தில் ஸ்நானம் செய்து வந்தவர் அவர். எழுபத்திரண்டாவது வயதில், முதல் முறையாக, அந்தப் பௌர்ணமி அன்று அந்நிய தேசத்தில் இருக்கப்போகிறார். "தண்ணீர் எங்கே இருந்தாலும் தண்ணீர்தானே அம்மா" என்று என் மனைவி சமாதானம் சொன்னாள். தாயார் தலையசைத்தாரே தவிர, ஒப்புக்கொண்டதாகத் தோன்றவில்லை.

கடற்கரைச் சமவெளிக்கும் கம்போடிய எல்லைக்கும் இடையே, சிவந்த எரிமலை மண்ணும் காப்பித் தோட்டங்களுமாக உயர்ந்து கிடக்கும் பிரதேசத்தை வியட்நாமியர் 'தாய் நுயென்' என்கிறார்கள். மேற்கு மேட்டுநிலம் என்பது அதன் பொருள். தாயார், மனைவி, பத்து வயது மகள், நான் ஆகிய நால்வரும் தெற்கேயிருந்து வடக்கே அதனைப் பஸ்ஸிலேயே கடப்பதென்று புறப்பட்டோம். மகளின் கையில் புதிய நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது.

பாவ் லோக் கணவாய்

அந்தத் தேசத்தில் தூரதேசப் பஸ்ஸில் ஏறுகிறவர்கள், படியிலேயே காலணிகளைக் கழற்றி, நடத்துநர் பையன் நீட்டும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, வெறுங்காலுடன் உள்ளே செல்ல வேண்டும். உள்ளே மூன்று வரிசையாக, கீழும் மேலும் படுக்கைகள். வழியில் நிறுத்தும் இடங்களில், இறங்குகிறவர்கள் கால் நுழைத்துக்கொள்ள எல்லாருக்கும் பொதுவான ரப்பர்ச் செருப்புகளைப் பையன் தரையில் பரப்பிவைக்கிறான். செருப்பில்லாமல் ஏறுவது என் தாயாருக்கு மிகவும் பிடித்துவிட்டது. வீட்டுக்குள் வந்தாற்போல் இருக்கிறது என்றார்.

ரப்பர்த் தோட்டங்களும் வாழைத் தோட்டங்களும் ஓடி மறைந்தன. கணவாய் தொடங்கியதும், வளைவுக்கு வளைவு பஸ் சாய்ந்து ஏற, என் மகளின் முகம் வெளுத்துவிட்டது. என் தாயார் இதற்கென்றே கைப்பையில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தைத் தேடி எடுப்பதற்குள், அடுத்த படுக்கையிலிருந்த ஒரு கிழவி எழுந்து வந்து, கமலா ஆரஞ்சுத் தோலைக் குழந்தையின் மூக்கருகே வைத்து இரு விரல்களால் அழுத்தினாள். சாறு புகைபோலத் தெறித்தது. காரமும் இனிப்பும் கலந்த வாசனை அந்த இடம் முழுவதும் பரவியது. பிறகு ஒரு சிறு கண்ணாடிப் புட்டியைத் திறந்து, பச்சைத் தைலத்தைக் குழந்தையின் நெற்றிப் பொட்டிலும் தொப்புளைச் சுற்றியும் தடவிவிட்டாள். என் தாயார் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் காட்டினார். கிழவி அதை வாங்கி முகர்ந்து பார்த்து, "ஆமாம், ஆமாம்" என்பதுபோல் தலையை ஆட்டினாள். வாகன மயக்கத்துக்கு வைத்தியம் இரண்டு தேசங்களிலும் ஒன்றே என்று கண்டுகொண்ட அந்த இருவரும், அதன் பின் பாஷை ஒரு பொருட்டே இல்லாமல், டாலாட் வரும்வரையில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

கிழவியின் பேரன் ஆங்கிலம் ஓரளவு அறிந்தவன். அவன் சொன்ன ஒரு விஷயம் என்னை வெகுவாகக் கவர்ந்தது. வியட்நாமியத்தில் முன்னால் நிற்பவரை விளிப்பதற்கு 'நீ', 'நீங்கள்' என்பதுபோன்ற பொதுச்சொல் வழக்கத்தில் இல்லை என்றே சொல்லலாம். வயதை ஒருவாறு ஊகித்து, பாட்டி என்றோ, அக்கா என்றோ, தம்பி என்றோ உறவுமுறை வைத்துத்தான் பேச்சையே தொடங்க வேண்டும். முன்பின் அறியாதவரை அண்ணா என்றும் அக்கா என்றும் அழைத்துப் பழகிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை. ஆனால் நாம் அன்பின் மிகுதியால் செய்வதை அவர்கள் இலக்கணமாகவே வைத்திருக்கிறார்கள். ஆகையால் நடத்துநர் பையனுக்கு என் தாயார் 'பா', அதாவது பாட்டி. என் மனைவி 'ச்சி', அதாவது அக்கா. பஸ்ஸில் ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் எங்களுக்கு அங்கே ஒரு குடும்பம் ஏற்பட்டுவிட்டது.

மகள் தண்ணீர் கேட்டாள். 'நுவோக்' என்று சொல்ல வேண்டும் என்று பேரன் கற்றுக்கொடுத்தான். கற்றுக்கொடுத்துவிட்டு, சற்று யோசித்து, அந்தச் சொல்லுக்கே தேசம் என்றும் பொருள் உண்டு என்றான். "உங்கள் நுவோக் எது?" என்று ஒருவரைக் கேட்டால், உங்கள் நாடு எது என்று அர்த்தம். நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், முதல் வரியில் அது ஏறியது.

டாலாட்

கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், பைன் மரக் காற்று முகத்தில் பட்டவுடன், என் மனைவி "ஊட்டி" என்று ஒரே சொல் சொன்னாள். அது சரிதான். ஸ்விட்ஸர்லாந்தில் பிறந்து பிரெஞ்சுக்காரரான அலெக்ஸாந்தர் யெர்சின் என்ற வைத்தியர் 1893-ஆம் வருஷம் லாங் பியாங் மலையடிவாரத்துப் பீடபூமியைக் கண்டு வந்து சொன்னார். மறுவருஷம் ஹாங்காங்கில் பிளேக் நோயின் கிருமியைக் கண்டறிந்து கீர்த்தி பெற்றவரும் அவரே. அவர் கண்ட இடத்தில் பிரெஞ்சு அதிகாரிகள் வெயிலுக்கு அஞ்சித் தங்கள் வாசஸ்தலத்தை அமைத்தார்கள். நீலகிரியில் ஆங்கிலேயர் செய்ததையேதான் இவர்களும் செய்தார்கள்: ஏரி, மாதாகோயில், ஓட்டுக் கூரை பங்களாக்கள், பூந்தோட்டம், மலை ரயில்.

அந்த ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமவெளியிலுள்ள தாப் சாம் என்ற இடத்திலிருந்து டாலாட் வரையில் 84 கிலோமீட்டர் தூரத்துக்கு, செங்குத்தான இடங்களில் நடுவே பல்சட்டம் பதித்த பாதையை 1932-இல் முடித்தார்கள். நமது மேட்டுப்பாளையம் ரயிலின் பழைய நீராவி எஞ்சின்களும், டாலாட் மலை ஏறிய எஞ்சின்களில் பலவும், ஸ்விட்ஸர்லாந்தின் விண்டர்தூர் நகரத்து ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லலாம். யுத்தம் வந்து அந்தப் பாதை நின்றது. 1975-க்குப் பின் தண்டவாளங்களைப் பெயர்த்து வேறிடத்துப் பழுதுகளுக்குக் கொண்டுபோனார்கள். மிஞ்சிய எஞ்சின்கள் 1990-இல் கப்பலேறி, பிறந்த தேசத்துக்கே போயின; அவற்றில் சில அங்கே ஒரு மலைப் பாதையில் இப்போது ஓடுகின்றன. மூன்று கூம்பு முகப்புகளும் வர்ணக் கண்ணாடி ஜன்னல்களுமாக 1938-இல் முடிந்த அழகிய டாலாட் ஸ்டேஷனில், ஏழு கிலோமீட்டர் மட்டும் போய்த் திரும்பும் ஒரு சிறு ரயிலுக்காக நாங்கள் காத்திருந்தபோது, குன்னூர் வளைவில் புகை கக்கிக்கொண்டு நம் எஞ்சின் ஏறும் காட்சி என் கண்முன் வந்தது. எத்தனை முறை அதை அலட்சியமாகப் பார்த்திருக்கிறோம்! அது இன்னும் நம்மிடம் இருக்கிறது என்பதே ஒரு பாக்கியம் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

மாலையில், குளிருக்குச் சால்வை போர்த்திய கூட்டம் ஒன்று தெருவோரத்தில் ஓர் அடுப்பைச் சூழ்ந்திருப்பதைக் கண்டோம். கிட்டே போன என் தாயார், "அட, பணியாரம்!" என்றார். மண்ணால் செய்த வட்டமான அச்சுத் தட்டு. அதில் சிறு குழிகள். குழிக்குக் குழி ஒரு குட்டி மண் மூடி. கீழே கரி அடுப்பு. அடுப்புக்காரி குழிகளில் அரிசி மாவை ஊற்றி மூடினாள். சற்றுப் பொறுத்து மூடிகளை ஒவ்வொன்றாக அகற்றியபோது ஆவி எழுந்தது. ஓரம் முறுகி நடுவே வெண்மையாக வெந்திருந்த வட்டங்களைத் தகரக் கரண்டியால் நெம்பி, இரண்டிரண்டாக ஒட்டித் தட்டில் வைத்தாள். 'பான் கான்' என்று அதற்குப் பெயர். சம்பா ராஜ்யத்து மக்களிடமிருந்து வந்த பலகாரம் என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். முட்டையும் இறைச்சி உருண்டையும் சேர்ப்பது வழக்கம். என் தாயாருக்காக, ஒன்றும் சேர்க்காமல் வெங்காயத்தாள் எண்ணெய் மட்டும் விட்டுத் தனியாக ஓர் ஈடு சுட்டுக் கொடுத்தாள். மாவுக்கு என்ன பக்குவம் என்று கைஜாடையால் தாயார் கேட்க, ஊறவைத்த அரிசியோடு ஆறிய சோறு ஒரு பிடி சேர்த்து அரைக்க வேண்டும் என்று சோற்றுப் பானையைத் திறந்தே காட்டினாள். நம் வீட்டில் ஆப்பத்துக்கும் அதே பக்குவம்தான். தாயார் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் இருந்த சந்தோஷத்தை, அதற்கு முன்னோ பின்னோ அந்தப் பிரயாணத்தில் வேறெங்கும் நான் காணவில்லை.

டாலாட்டைப் பற்றி எனக்கு வருத்தமும் உண்டு. மலைச் சரிவுகளையெல்லாம் வெள்ளைப் பிளாஸ்டிக் கூரைகள் மூடிவிட்டன. அவற்றின் கீழே பூவும் காய்கறியும் விளைகின்றன. செவ்வந்திக்கு வெளிச்சம் காட்டுவதற்காக இரவெல்லாம் விளக்குகள் எரிகின்றன. ஒரு வகையில் அது அழகுதான். ஆனால் மழைநீர் மண்ணில் இறங்க வழியில்லை.

மறுநாள் லாங் பியாங் அடிவாரத்தில், கையால் நெய்த துணிகளை விற்றுக்கொண்டிருந்த கொஹோ இனத்து மாது ஒருத்தி, 'டா' என்றால் தங்கள் பாஷையில் நீர் என்றும், டாலாட் என்பது லாட் ஜனங்களின் நீர் என்றும் சொன்னாள். பிரெஞ்சுக்காரர் வருவதற்கு முன்னர் ஊர் அந்த ஓடைதான். நோட்டுப் புத்தகத்தில் இரண்டாவது வரி.

லாக் ஏரி

டாலாட்டிலிருந்து வடக்கே போகும் பஸ் சிறியது. எங்கள் கால்மாட்டில் உர மூட்டைகள். பின்னால் கூடையில் ஒரு சேவல். கணவாய்களை ஏறியிறங்கிப் பள்ளத்தாக்குக்கு வந்தபோது காய்ச்சலடித்தாற்போல் வெயில் சுட்டது. லாக் ஏரியின் கரையில் மனோங் ஜனங்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் காட்டு யானையைப் பிடித்துப் பழக்கிப் பிழைத்த பிரதேசம் இது. ஏரிக்கரையில் காலில் சங்கிலியுடன் தனியாக நின்ற ஒரு கிழட்டு யானையைப் பார்த்துவிட்டு, என் மகள் அதன்மேல் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளை நான் வற்புறுத்தவில்லை.

அவளுக்கு அங்கே வேறொரு பொருள் கிடைத்தது. 'குரோங்' என்றால் ஆறு. அந்தப் பக்கத்தில் குரோங் நோ என்று ஓர் ஆறும், குரோங் அனா என்று ஓர் ஆறும் உண்டு. முன்னது ஆண், பின்னது பெண். இரண்டும் கூடி ஸ்ரேபோக் நதியாகிக் கடலை நோக்கிக் கிழக்கே போகாமல் மேற்கே கம்போடியாவுக்குள் சென்று மேகோங்கில் கலக்கின்றன. மனோங் பாஷையில் நீர் 'டாக்'. மூன்றாவது வரி.

புவோன் மா துவோத்

1975 மார்ச் 10-ஆம் தேதி விடியற்காலையில் வடவியட்நாம் சேனை தாக்கியதும் மறுநாள் வீழ்ந்ததும் இந்த ஊர்தான். அதன் பின் ஐம்பதே நாட்களில் சைகோன் வீழ்ந்தது. நகரத்தின் நடுவே ஆறு வீதிகள் கூடும் இடத்தில் ஒரு டாங்கியைப் பீடத்தின்மேல் நிறுத்திவைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஊருக்குள் நுழையும்போதே என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு சுகந்தம் பஸ்ஸுக்குள் வந்தது. "யாரோ மல்லிகை வைத்திருக்கிறார்கள்" என்றார் தாயார். வைத்திருந்தது நிலம். கண்ணுக்கு எட்டிய மட்டும் காப்பிச் செடிகள், கிளை தெரியாமல் வெண்ணிறப் பூக்கொத்துகள், அவற்றினிடையே தேனீக்களின் ரீங்காரம். உலகத்தில் காப்பி ஏற்றுமதியில் பிரேசிலுக்கு அடுத்தபடியாக நிற்பது வியட்நாம். ரொபஸ்டா ஜாதியில் முதலிடமே அதற்குத்தான். அந்தக் காப்பிக்குத் தலைநகரம் இது.

தோட்டம் ஒன்றில் எங்களை உட்காரவைத்து உபசரித்தவர், வடக்கே செந்நதிக் கழிமுகத்திலிருந்து எண்பதுகளில் குடியேறியவர். கண்ணாடித் தம்ளர்மேல் 'ஃபின்' என்ற சிறு தகர வடிகட்டியை ஏற்றி, பொடி போட்டு, மேலே ஓட்டைத் தகட்டை அழுத்தி, வெந்நீர் விட்டார். கீழே கெட்டியான டின்பால். அதன்மேல் கறுப்பாகச் சொட்டுச் சொட்டாக டிகாஷன் இறங்கியது. சொட்டும்வரையில் ஒருவரும் அவசரப்படவில்லை. கும்பகோணத்துக்காரர்களுக்குக் காப்பியைப் பற்றி அபிப்பிராயம் உண்டு. என் தாயார் ஒரு வாய் பருகிவிட்டு, டிகாஷன் நம்முடையதைவிட ஒரு படி மேல் என்றும், பால் மட்டும் பசும்பாலாக இருந்தால் இதற்கு ஈடில்லை என்றும் சொன்னார். மொழிபெயர்த்ததைக் கேட்டுத் தோட்டக்காரர் பெரிதும் மகிழ்ந்தார்.

பின் எழுந்து போய்த் தம் கிணற்றைக் காட்டினார். காப்பி மொட்டு வறட்சியில் காத்திருக்கும். நீர் பாய்ச்சினால் ஒரு வாரம் பத்து நாளில் மொத்தமாக மலரும். நாங்கள் முகர்ந்த அத்தனை வாசனையும் பூமிக்கடியிலிருந்து இயந்திரம் இறைத்த நீர். அவர் வந்த புதிதில் கயிறு விட்டு இறைத்த கிணறு, இப்போது குழாயைக் கீழே கீழே இறக்கியும் கோடைக்கு நிற்பதில்லை. "உங்கள் ஊரில் எப்படி?" என்று கேட்டார். மேட்டூர் திறந்தால்தான் எங்களுக்கு ஆறு என்றும், மாசியில் காவேரியில் மணல்தான் ஓடும் என்றும் சொன்னேன். அவர் வேறொன்றும் பேசாமல் என் தம்ளரில் மறுபடி வெந்நீர் விட்டார்.

காப்பிக்கு முன்னால் இந்த நிலம் காடாக இருந்தது. காடு ஏடே முதலான பூர்வகுடிகளுடையதாயிருந்தது. சமவெளியிலிருந்து லக்ஷக்கணக்கில் ஜனங்கள் வந்து குடியேற, பூர்வகுடிகள் தங்கள் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையினராகிவிட்டார்கள். தோட்டக்காரர் நல்லவர், அவருக்கும் வறுமைதான் வழிகாட்டியது. இருந்தபோதிலும் இந்த விஷயத்தைச் சொல்லாமல் அந்தக் காப்பியின் ருசியை மட்டும் சொல்லிப் போக எனக்கு மனம் வரவில்லை.

நகரத்தை ஒட்டியே அகோ தோங் என்ற ஏடே கிராமம் இருக்கிறது. நீரின் ஊற்றுக்கண் என்பது அப்பெயரின் பொருள். அங்கே நெடுவீடு ஒன்றுக்கு எங்களை அழைத்துப்போனாள் ஒரு கல்லூரிப் பெண். அது அவள் பாட்டியின் வீடு. தூண்களின்மேல் தரைக்கு உயரே நின்ற மரவீடு அது. ஓடத்தைப் போல் நீண்டு கிடந்தது. ஒரு பெண்ணுக்குக் கல்யாணமானால் வீட்டை ஓர் அறை நீட்டுவார்களாம். வாசலில் ஒரே பலகையில் செதுக்கிய படிக்கட்டு. அதன் தலைப்பில் இரண்டு ஸ்தனங்களும் அவற்றுக்குமேல் பிறைச் சந்திரனும் செதுக்கப்பட்டிருந்தன. ஏறுகிறவர்கள் கைவைத்து வைத்து அந்த இடம் வழுவழுப்பாக, எண்ணெய் தேய்த்தாற்போல் மின்னியது. தாயின் மார்பைப் பற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் ஏற வேண்டும்.

ஏனென்றால் ஏடே ஜனங்களிடையே வீடு பெண்ணுடையது. பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். கல்யாணமானதும் மாப்பிள்ளை மனைவி வீட்டுக்கு வந்துவிடுவான். பிள்ளைகளுக்குத் தாயின் குலப்பெயர். பரம்பரை வீடு கடைசிப் பெண்ணுக்கு, தாய் தந்தையரை வயோதிகத்தில் காக்கும் கடமையும் அவளுக்கே. ஒரே மரத்தில் குடைந்த நீண்ட பலகை ஆசனத்தில் எங்களை உட்காரவைத்தார் பாட்டி. சுவரில் வெண்கலச் சேகண்டிகள் வரிசையாகத் தொங்கின. நெருப்பில் சுட்ட மூங்கில் குழலைப் பிளந்து, உள்ளே வெந்திருந்த சோற்றை எடுத்து, எள்ளும் உப்பும் சேர்த்து இடித்த பொடியோடு வைத்தார். எள்ளுப்பொடிச் சோற்றுக்கு என் மகளைக் கூப்பிட வேண்டியதே இல்லை. இரு முதியவர்களும் பேத்தியின் வாய்வழியாகப் பேசத் தொடங்கினார்கள்.

"உங்களுக்குப் பெண்கள் எத்தனை பேர்?"

"இரண்டு."

"யார் வீட்டில் இருக்கிறீர்கள்? சின்னவள் வீட்டிலா?"

"இல்லை, இதோ இவன் என் பிள்ளை. இவனோடு இருக்கிறேன். பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டோம்."

பேத்தி அதைச் சொன்னபோது பாட்டியின் முகம் மாறியது. "பெண்களை ஏன் வெளியே அனுப்பினீர்கள்?" என்று கேட்டார்.

"எங்கள் வழக்கம் அது. நானும் அப்படி வந்தவள்தான்."

"அப்படியானால் உங்கள் அம்மாவின் வீடு இப்போது யாரிடம் இருக்கிறது?"

என் தாயார் உடனே பதில் சொல்லவில்லை. அவர் பிறந்த வீடு கொள்ளிடக் கரையில் ஒரு கிராமத்தில் இருந்தது. நான் சிறுவனாக இருந்தபோது விடுமுறைக்குப் போன வீடு. கொல்லையில் துளசி மாடமும் ஒரு கல் தொட்டியும் இருந்தன. "விற்றாகிவிட்டது" என்றார். பாட்டி எழுந்து வந்து என் தாயாரின் கையைப் பற்றித் தம் மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசல் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் ஒரு வீட்டிலிருந்து வந்தவள்தான் என்பதை, பதினான்கு வருஷங்களுக்குப் பிறகு, அந்த இடத்தில் நான் நினைத்துப் பார்த்தேன்.

மறுநாள் விடியற்காலையில் பேத்தி எங்களை நகரத்துக்கு வெளியே இன்னொரு கிராமத்து நீர்த்துறைக்கு அழைத்துச் சென்றாள். பெரிய மரங்களின் நிழலில், சரிவிலிருந்து ஊறும் நீரைக் குழாய்கள் வழியே விட்டிருந்தார்கள். வீடுகளுக்குக் குழாய்நீர் வந்துவிட்டபோதிலும், முதுகுக்கூடையில் சுரைக்குடுக்கைகளை நிறுத்திக்கொண்டு வயோதிகர் இருவர் வந்தார்கள். ஜாடியில் புளிக்கவைக்கும் மதுவுக்கு அந்த நீர்தான் ஏற்றது என்றார்கள். வருஷத்துக்கொரு முறை ஊரே கூடி நீர்த்துறைக்குப் பூஜை செய்யும். துறையைச் சுற்றியுள்ள மரங்களை யாரும் வெட்டலாகாது. ஆடிப்பெருக்கன்று நாங்கள் காவேரிக்குக் காதோலை கருகமணி போடுவதை என் தாயார் விவரித்தார். ஏடே பாஷையில் நீர் 'ஏஅ'. அதைச் சரியாகச் சொல்ல என் மகளுக்கு மூன்று முறை வேண்டியிருந்தது.

பிளைக்கு

பௌர்ணமி அன்று பிளைக்குவில் இருந்தோம். அது அவர்களுடைய சந்திர வருஷத்தின் முதல் பௌர்ணமியும்கூட. பௌத்தர்களுக்கு விசேஷ தினம். அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியிலும் மாமிசம் விலக்கி உண்ணும் விரதம் அங்கே பலரிடம் உண்டாகையால், 'சாய்' என்று பலகை மாட்டிய சைவ உணவகங்களில் அன்று இடமே கிடைக்கவில்லை. பத்து நாட்களாகத் தமக்கு மட்டும் தனியாகக் கேட்டு வாங்கி உண்டுவந்த என் தாயார், ஊர் முழுவதும் தம் பந்தியில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு பூரித்தார்.

பிற்பகலில் ஊருக்கு வடக்கேயுள்ள ஏரிக்குப் போனோம். அணைந்துபோன எரிமலையின் வாயில் தேங்கிய நீர். 'பியென் ஹோ', கடல் ஏரி, என்று பெயர். நகரத்துக்குக் குடிநீரும் இதுவே. ஒரு கிராமம் இதற்குள் அமிழ்ந்துபோனதாக ஜராய் ஜனங்கள் கதை சொல்வார்கள். ஓடம் கட்டியிருந்த ஓரிடத்தில் என் தாயார் மெல்ல இறங்கி, குனிந்து, மூன்று முறை ஒரு கை நீரை எடுத்துச் சிரசில் தெளித்துக்கொண்டார். உதடுகள் அசைந்தன. கரையேறி வந்தபோது நரைத்த வகிட்டில் நீர்த்துளிகள் இருந்தன. "மாசி மகம் ஆயிற்று" என்றார்.

ஜராய் கிராமத்து இடுகாடு ஒன்றைத் தூரத்திலிருந்து பார்த்தோம். கல்லறைக்கு மேல் கூரை வேய்ந்து, சுற்றிலும் மரப்பொம்மைகளை நட்டிருந்தார்கள்: முழங்காலில் முழங்கை ஊன்றி, இரு கைகளாலும் கன்னத்தைத் தாங்கிக் குந்தியிருக்கும் மனிதர்கள். இறந்தவருக்குச் சில வருஷங்கள் உணவு கொண்டுபோய் வைப்பார்கள். பிறகு ஒரு நாள் பெரிய விருந்து செய்து, சேகண்டி முழக்கி, அவரிடம் விடைபெற்று வந்துவிடுவார்கள். அதன் பின் அங்கே போவதில்லை. பொம்மைகள் மழையில் நனைந்து வெடித்து மக்கும். வருஷம் தவறாமல் திதி கொடுக்கும் நமக்கு அப்படி விடைபெற முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. என் தந்தையின் நினைவு வந்தது. ஜராயில் நீர் 'இயா'.

கொன்தும்

வடக்கே ஐம்பது கிலோமீட்டர். இந்த ஊரின் பெயருக்கே குளத்தூர் என்றுதான் பொருள். 1913 முதல் 1918 வரையில் கட்டிய மாதாகோயில் ஒன்று, கரிய மரத்தூண்களும், வைக்கோல் பிசைந்த மண்சுவரும், பானார் வீடுகளைப் போன்ற தாழ்வாரமுமாக இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. பானார் ஜனங்களுடைய ஊர்ப்பொதுவீட்டின் கூரையோ, கோடரியின் வாய்போல் வானத்தைக் கிழித்துக்கொண்டு நிற்கிறது. அத்தனை உயரத்துக்குப் புல் வேய்ந்தவர்களின் கையை எண்ணி வியந்தேன்.

மாலையில் டாக் பிளா ஆற்றங்கரைக்கு வந்தோம். அதுவும் மேற்கே ஓடும் ஆறு. தொங்குபாலத்தைக் கடந்து, மரவள்ளிக் கிழங்குக் கூடைகளை முதுகில் சுமந்தவர்கள் வரிசையாக வீடு திரும்பினார்கள். அவர்களில் ஒருத்தி துறையில் இறங்கி, கிழங்குகளை ஒவ்வொன்றாக அலசினாள். என் மகள் நீரைச் சுட்டிக்காட்டி, கேள்வியாக, "நுவோக்?" என்றாள். அந்த மாது சிரித்து, இரண்டு கையாலும் நீரை அள்ளிக் காட்டி, "டாக்" என்றாள்.

நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய மகள், "இது லாக் ஏரியில் சொன்ன சொல்!" என்று கூவினாள். ஏடேயும் ஜராயும் கடல்கடந்த மலாய் பாஷைக்கு உறவு. மனோங்கும் பானாரும் கொஹோவும் வேறு குடும்பம், கம்போடியரின் கிமேர் பாஷையும் அதைச் சேர்ந்ததே. அந்தக் குடும்பத்தின் தூரத்துக் கிளை நம் தேசத்திலும் உண்டு, ஜார்க்கண்டிலும் வங்காளத்திலும் உள்ள சந்தால் ஜனங்கள் பேசுவது அதுதான் என்று நான் படித்திருந்ததை அவளுக்குச் சொன்னேன். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஆற்றில் கால் நனைத்துக்கொண்டிருந்தாள்.

கும்பகோணம்

வீடு திரும்பி ஒரு வாரம் சென்றிருக்கும். எங்களுக்கு எதிர்மனையில் புதிய கட்டடம் எழும்புகிறது. வேலை செய்கிறவர்கள் வடக்கேயிருந்து வந்தவர்கள். உச்சி வெயிலில் அவர்களில் ஒருவர் வாசலுக்கு வந்து, குடிக்க நீர் வேண்டும் என்று கையைக் குவித்துக் காட்டினார். என் மகள் செம்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, எந்த ஊர் என்று தனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டாள். ஜார்க்கண்டில் தும்கா பக்கம் என்றார். அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு செம்பைத் தொட்டுக் காட்டி, வீட்டில் உங்கள் பாஷையில் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள்.

அவர் அண்ணாந்து நீரைப் பருகி முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "தாக்" என்றார்.

அவள் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவர உள்ளே ஓடினாள்.